வராத நோய்க்கு வந்தவர்கள்

1937 ஜனவரி 12, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதக் கூடாது என்று இரண்டு நாள் பிடிவாதமாக இருந்தேன். இன்று தோற்றேன்.

சபைக்கு மூப்பரைத் தெரிந்தெடுத்தார்கள். மாரப்பனுக்கு முப்பத்தொரு கைகள். எனக்கு நான்கு. அதில் ஒன்று என் சொந்தக் கை. இன்னொன்று என் மனைவி நாச்சியம்மாளுடையது — அதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் எழுந்தது.

மாரப்பன் ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்கிறவன். வேதத்தில் அவன் ஓர் அதிகாரம் வாசித்து முடிப்பதற்குள் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும். நான் மிஷன் பள்ளிக்கூடத்துத் தலைமை வாத்தியார். தோட்டமும் சொந்தமும் வேண்டாமென்று ஞானஸ்நானம் பெற்றவன். பதினோரு வருஷமாக நான் செய்த தியாகத்தை எப்படி மறந்தார்கள்? மாதம் ஒரு முறையாவது நானே ஞாபகப்படுத்திக்கொண்டுதானே இருந்தேன்!

தீர்மானம்: இனி வீட்டிலேயே ஆராதனை. தேவன் எங்கும் இருக்கிறார். எங்கள் வீட்டிலும் இருப்பார்.

ஜனவரி 17, ஞாயிறு

நாச்சி வேதக் கோயிலுக்குப் போய்விட்டாள். நானே குரு, நானே சபை. பாட்டின் இரண்டாம் சரணத்தில் மூச்சு வாங்கியது. நான் மூச்சு விடும் நேரத்துக்குப் பாட்டைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. பிரசங்கத்துக்குத் 'தாழ்மை' என்று தலைப்பு வைத்திருந்தேன். மாரப்பனுக்கு உறைக்க வேண்டிய இடங்கள் நிறைய இருந்தன; கேட்க அவன் இல்லை. பாதியில் தூங்கிப்போனேன். சபையில் யாரும் எழுப்பவில்லை.

ஜனவரி 18

யாரும் கூப்பிட வரவில்லை.

ஜனவரி 20

இன்றும் வரவில்லை. வந்தால் என்ன சொல்லி மறுப்பதென்று நான்கு விதமாக யோசித்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 24, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்த நாச்சியின் முகம் சரியில்லை. என்னவென்று கேட்டேன்.

"ஏனுங்க, உங்களைக் காணோமேன்னு எல்லாருமே கேட்டாங்க. கோவிச்சுக்கிட்டு ஊட்ல உக்காந்திருக்கறாருன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. காச்சல்னு சொல்லிப்போட்டேனுங்க."

"கோயில்லயா பொய் சொன்னே?"

"வாசல்ல நின்னுதானுங்க சொன்னேன்."

சண்டையை ஆரம்பிக்கக்கூட நேரமில்லை. வெளியே பேச்சுக் குரல். மாரப்பன், அவன் பின்னால் களையெடுக்கப் போகும் மயிலாத்தாள், இன்னும் மூன்று பேர். கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தேன். நாற்பத்தாறு வயது, உச்சி வெயில், கம்பளி.

மாரப்பன் என் நெற்றியில் கை வைத்தான். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "வேர்த்திருக்குதுங்க. செரியாப்போயிரும்" என்றான். பிறகு முழங்காலிட்டு ஜெபித்தான். என் பெயரை மூன்று முறை சொன்னான். பொய்க் காய்ச்சலுக்கு மெய்யான ஜெபம். கம்பளிக்குள் ஒரு பக்கம் வெட்கம், ஒரு பக்கம் சிரிப்பு.

மயிலாத்தாள் ஒரு செம்பு நிலவேம்புக் கஷாயத்தை நீட்டினாள். "ஒரே மூச்சுல குடிச்சுப்போடுங்க வாத்தியாரே." குடித்தேன். உண்மையாகவே உடம்புக்கு ஏதோ செய்தது.

இவர்களெல்லாம் என் வீட்டுக்குள் வந்ததைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து அண்ணன் பார்த்திருப்பாரோ? ஞானஸ்நானத்தோடு என்னை ஒதுக்கி வைத்தவர், இப்போதுதான் மனசு இளகித் தயிர் கொடுத்தனுப்புகிறார்.

ஜனவரி 26

மூன்றாம் நாளும் மாரப்பன் வந்தான். மூன்றாம் நாளும் கஷாயம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் எனக்காக ஜெபிக்கிறார்களாம். சீக்கிரம் எழுந்து வரக் கூடாதென்றுதான் இருக்கும். நாளைக்குக் குணமாகிவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

ஜனவரி 28, வியாழன்

மயிலாத்தாள் தனியாக வந்தாள். மாரப்பன் எங்கே என்று கேட்டேன்.

"அவரு சம்சாரம் பாவாத்தாளுக்கு ரொம்ப முடியலீங்க. பத்து நாளாக் குளிர்காச்சல். இப்ப நெனப்பில்லாமப் பொலம்பறா."

பத்து நாளா? அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை என் நெற்றியில் கை வைத்தபோது — அவன் வீட்டில் — ஐயோ. ஒரு வார்த்தை சொல்லலையே. பொண்டாட்டியப் பாயில விட்டுப்போட்டு எனக்கு ஜெபம் பண்ண நடந்தானே. நான் உள்ள சிரிப்ப அடக்கிட்டுக் கெடந்தேனே. நானெல்லாம் ஒரு மனுசனா?

ஜனவரி 29, வெள்ளி

காலையில் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய், கம்பவுண்டரிடம் சொல்லிக் குளிர்காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரை வாங்கிக்கொண்டு நேரே அவர்கள் தெருவுக்குப் போனேன். மாரப்பன் வீடு எது என்று விசாரிக்க வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரம்தான். பதினோரு வருஷம்!

மாத்திரையைக் கரைத்துப் புகட்டிவிட்டு இருவரும் வெளியே வந்தோம். ஒரு மாதிரி தைரியம் வந்து சொல்லிவிட்டேன்: "மாரப்பா, எனக்குக் காச்சலே வர்ல."

"தெரியுமுங்க."

"எப்போ தெரியும்?"

"நெத்தியத் தொட்டபோதேங்க. காச்சக்கார நெத்தியத்தான் தெனமும் தொடறேனே."

"அப்புறம் எதுக்கு மூணு நாள் வந்தே?"

தரையைப் பார்த்தபடி சொன்னார்: "இத்தன வருசத்துல ஊட்டுக்குள்ள வாங்கன்னு எங்கள ஒருநாளும் கூப்பிட்டதில்லீங்க. காச்சல்னு சொன்னதுனால கேக்காமயே வர முடிஞ்சுது. வந்தது நல்லா இருந்துச்சுங்க."

அதில் கோபமே இல்லை. இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கோபித்துக்கொண்டு தப்பித்திருப்பேன்.

ஜனவரி 31, ஞாயிறு

பாவாத்தாள் கண் விழித்துக் கஞ்சி கேட்டாராம்.

கோயிலுக்குப் போனேன். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன் — கம்பளி உட்பட. உருக்கமான பாவ அறிக்கையாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். சபை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மயிலாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. "மூணு செம்புக் கசாயம் வீணாப்போச்சே" என்றார்.

பாட்டின்போது எனக்கு மூச்சு வாங்கியது. பாட்டு நிற்கவில்லை.

பிப்ரவரி 14, ஞாயிறு

ஆராதனை முடிந்து ஒன்பது பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டோம். நடுவீட்டில் ஒரே பந்தி. பாவாத்தாள் இன்னும் மெலிவுதான். வாசற்படி வரை வந்து அங்கேயே நின்றுவிட்டார். நாச்சி போய்க் கையைப் பிடித்து, "உள்ள வா அம்மணி, சோறு ஆறுது" என்று கூட்டி வந்தாள்.

இனித் தயிர் வராது என்று அண்ணன் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். பந்தி நடுவில்தான் ஆள் வந்தது. எல்லோர் காதிலும் விழுந்தது. சோற்றில் கை வைத்தபடி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பாவாத்தாள்தான் பக்கத்திலிருந்த குழம்புச் சட்டியை இழுத்து, அகப்பையால் எடுத்து, என் இலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஊத்தட்டுங்களா?"

"ஊத்துங்க" என்றேன்.

உப்புக் கொஞ்சம் குறைவு. நாச்சியிடம் சொல்லவில்லை.