முப்பத்தெட்டாவது படம்

டிசம்பர் 9

அன்புள்ள புகைக்காரருக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். போனில் கேட்டால் "ம்" என்பதற்கு மேல் ஒரு எழுத்து பெயர்வதில்லை, அதனால்தான் கடிதம். நான்கு வருடமாக ஆளுக்கொரு ஊரில் இருக்கும் கணவனும் மனைவியும் கடிதம் எழுதிக்கொள்வதில் தப்பொன்றும் இல்லை.

ஆய்வு நிலையத்தின் கூரையை இன்னும் சரிசெய்யவில்லை. ஒழுகுவதற்கு மழைதான் இல்லையே. வீட்டுச் சமையலறைக் கதவை இந்த மாதத்தில் உதைத்துத்தான் திறப்போம், ஞாபகம் இருக்கிறதா? இப்போது மரம் காய்ந்து சுருங்கி, கதவு தன்பாட்டுக்குத் திறந்துகொள்கிறது. யாரோ வருகிறார்கள் என்று இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்து அசடு வழிந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மேற்குச் சரிவை நீங்கள் எரித்தபோது எழுதி வைத்த குறிப்புகள் வேண்டும். எந்த நாள், எந்தக் காற்று, எந்தப் பக்கத்திலிருந்து தீ வைத்தீர்கள், எல்லாம். வனத்துறை அலுவலகத்தில் கேட்டால், "அதெல்லாம் சாரோட நோட்டுலதான் இருக்கும் மேடம்" என்கிறார்கள்.

எறும்புத்தின்னிகளுக்காகத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
கேமராக்காரி

---

டிசம்பர் 15

கேமராக்காரிக்கு,

நோட்டின் நகல் இத்துடன். என் கையெழுத்து புரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பிப் பிடித்துப் பார், சில சமயம் புரியும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. காட்டில் யாரும் தீ வைக்கவே கூடாது என்று வனக் குழுவுக்கு மனு எழுதியவள் நீ. "எறும்புத்தின்னிகளின் வளைகளைக் கண்ணால்கூடப் பார்க்காமல் சரிவைக் கொளுத்தினார்" என்று அதில் ஒரு வரி. எனக்கு அது மனப்பாடம். அந்த வரிக்காகத்தான் என்னைத் தீக்குழுவிலிருந்து எடுத்து இந்தக் கிடங்கில் போட்டார்கள். தீயணைப்பு உருளைகளுக்குத் தேதிச் சீட்டு ஒட்டுகிறேன். குறை ஒன்றும் இல்லை, வேளாவேளைக்குச் சாப்பிட முடிகிறது. இப்போது எதற்கு உனக்கு எரித்தவன் நோட்டு?

கதவின் கீழ்க் கீலை இறுக்கு. திருப்புளி சமையலறை இழுப்பறையில் இடது பக்கம் இருக்கும்.

இப்படிக்கு,
புகை

---

டிசம்பர் 21

அன்புள்ள உங்களுக்கு,

கீலை இறுக்கிவிட்டேன். திருப்புளி வலது பக்கம் இருந்தது.

இனி சுற்றி வளைக்கவில்லை. இந்த வருடம் காட்டுத்தீ பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. நாம் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் ஏப்ரலுக்கு முன் வந்ததே இல்லை. வந்தாலும் இரவுப் பனியில் படுத்துவிடும். இப்போது பனியும் இல்லை, தீ படுப்பதும் இல்லை. என் மனுவால் யாரும் தொடாமல் விட்ட கிழக்குச் சரிவில் சருகு முழங்கால் உயரம் சேர்ந்திருந்தது. தீ மர உச்சிவரை ஏறிவிட்டது. அங்கே இருந்தவை பதினொரு வளைகள். அவற்றில் ஒன்பதில் எறும்புத்தின்னிகள் சுருண்டபடியே கிடந்தன. பயந்தால் பந்தாகச் சுருள்வதுதான் அவற்றுக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. சிறுத்தையிடம் அது பலிக்கும், நெருப்பிடம் பலிக்கவில்லை.

நீங்கள் எரித்த மேற்குச் சரிவில் அதே தீ கணுக்கால் உயரத்துக்கு வந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அங்கே எல்லா வளையிலும் உயிர் இருக்கிறது. இதை உங்களுக்கு எழுத எனக்குப் பத்து மாதம் ஆகியிருக்கிறது.

இது பாதிதான். மேற்குச் சரிவை எரிப்பதற்கு முந்தைய நாள் அங்கே, அசைவு கண்டால் தானாகப் படமெடுக்கும் என் கேமரா ஒன்று இருந்தது. அதில் முப்பத்தெட்டுப் படங்கள். எல்லாவற்றிலும் நீங்கள். மண்டியிட்டு, ஒவ்வொரு வளையின் வாயைச் சுற்றியும் சருகைக் கையால் ஒதுக்கி, சுண்ணாம்புப் பொடியில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். மனுவை அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்பே அவற்றைப் பார்த்துவிட்டேன். எரிந்த இடத்தில் ஒரு குட்டி செத்துக் கிடந்த கோபம். நீங்கள் வீட்டில் மூன்று வாரமாக வாயே திறக்காத கோபம் அதைவிடப் பெரிது. படங்களை மேசைக்குள் தள்ளிவிட்டு அந்த வரியை எழுதினேன். தெரிந்தே எழுதிய பொய்.

நேற்று அத்தனை படங்களையும் உண்மையை எழுதிய கடிதத்தோடு வனக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். நிலையத்தின் தலைமைப் பொறுப்பு போனால் போகட்டும். தெற்குச் சரிவை எரிக்க அவர்கள் முன்பே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எரியாமல் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான். ஏழு வளைகள், இரண்டில் குட்டிகள். சருகு இப்போதே கையில் நொறுங்குகிறது. இரண்டு மூன்று வாரத்துக்குள் நாம் எரிக்காவிட்டால் பிறகு காட்டுத்தீ வந்து எரித்துவிடும். தீ வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். வளை பார்த்து வைக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். வாருங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், ஆனால் வாருங்கள்.

உங்கள்
(இப்படி எழுத இன்னும் இடம் இருந்தால்)
கேமராக்காரி

---

டிசம்பர் 27

கேமராக்காரிக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நல்ல கோபம் வந்தது. நாற்பது உருளைக்குத் தப்பான தேதியை ஒட்டிவிட்டு, உட்கார்ந்து கிழித்தேன்.

கடைசிப் படத்தைப் பற்றி, அந்த முப்பத்தெட்டாவதைப் பற்றி, நீ ஒன்றும் எழுதவில்லை. அதில் நான் கேமராவைப் பார்த்துக் கை ஆட்டியிருப்பேன். மரத்தில் கட்டி, மேலே பட்டையை வைத்து நீ மறைக்கிற விதம் எனக்குத் தெரியாதா? பத்தடியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். நீ படத்தைப் பார்ப்பாய், சாப்பிடும்போது "என்ன சார், போஸெல்லாம் பலமா இருக்கு?" என்பாய் என்று காத்திருந்தேன். நான் வாய் திறக்காததற்குக் காரணம் அதுதான். நீயே பார்த்திருப்பாய், நான் வேறு எதற்குச் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டேன். மனு வந்ததும், பார்த்துவிட்டும் எழுதியிருக்கிறாள் என்று புரிந்தது. அதற்குப் பிறகு நானும் அந்தப் பிராணி மாதிரி சுருண்டுகொண்டேன்.

குட்டி செத்தது என் தப்பு. வேருக்குப் பின்னால் இருந்த ஒரு வளையைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

லீவு கிடைத்துவிட்டது. ஜனவரி 2 காலையில் வருகிறேன். சருகு காய்கிற வேகத்தில் என் மனம் ஆறாது. அதனால் காட்டுக்குத்தான் வருகிறேன், வீட்டுக்கு இல்லை. நிலையத்தில் எனக்கு ஒரு கட்டில் போட்டு வை. சுண்ணாம்புப் பொடி இரண்டு மூட்டை வாங்கு. வேர்களுக்குப் பின்னால் பார்க்கிற வேலை உன்னுடையது.

புகை

---

ஜனவரி 24

அன்புள்ள புகைக்காரருக்கு,

நீங்கள் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பத்து நாள் ஒரே சரிவில் வேலை செய்தும் நாம் பேசியதை ஒரு அஞ்சலட்டையில் அடக்கிவிடலாம். "இங்க ஒண்ணு இருக்கு." "பாத்துட்டேன்." "தண்ணி குடி." இந்த மூன்றாவதை நீங்கள் நான்கு தடவை சொன்னீர்கள். நான் எண்ணினேன்.

நேற்று முன்தினம் காட்டுத்தீ வந்துவிட்டது. ஜனவரியில்! தெற்குச் சரிவின் அடிவாரம்வரை வந்து, நாம் எரித்த கருப்பு நிலத்தில் கால் வைக்க வழியில்லாமல் படுத்துவிட்டது. ஏழு வளையும் பத்திரம். வேருக்குப் பின்னால் நான் கண்டுபிடித்த எட்டாவதும் பத்திரம்.

குழு என்னைத் தலைமைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டது. கேமராக்களை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். நியாயம்தான். அழுதேன், பிறகு சரியாகிவிட்டது. உங்கள் கோப்பிலிருந்து அந்த வரியை நீக்கிவிட்டார்கள்.

இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். முதலாவதில், தாய் சாம்பல்மேல் நடந்து போகிறது, வாலில் குட்டி தொற்றிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது, தீ வைப்பதற்கு முந்தைய நாள் எடுத்தது. நீங்கள் குனிந்து வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள், முதுகு மட்டும் தெரிகிறது. பின்னால் நின்று கேமராவைப் பார்த்துக் கை ஆட்டுவது நான். பதில் சொல்ல நான்கு வருடம் தாமதமாகிவிட்டது. என்னை மன்னியுங்கள்.

கீல் மறுபடியும் தளர்ந்துவிட்டது.

உங்கள்
கேமராக்காரி

---

பிப்ரவரி 1

அன்புள்ள கேமராக்காரிக்கு,

படங்கள் வந்தன. குட்டியின் படத்தைக் கிடங்கில் எல்லோருக்கும் காட்டினேன். மற்றதை யாருக்கும் காட்டவில்லை.

பழைய கீலை எத்தனை தடவை இறுக்கினாலும் நிற்காது. புதிது ஒன்று வாங்கியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன்.

நிலையத்தில் கட்டில் போட வேண்டாம்.

உன்
புகை