மச்சான் கவிழ்த்த கறுப்புக் கோப்பைகள்

மச்சான்,

காலையில் மழை விட்டதும் ரப்பர் காட்டுக்குள் நுழைந்தேன். புளித்த பால் வாடை மூக்கில் ஏறியதுமே நீ வந்து நின்றாய், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு.

உன் பெண்சாதியை, என் தங்கச்சியை டெங்கு கொண்டுபோன பிறகு, தெஹியோவிட்டவிலிருந்து அவிசாவளை வரைக்கும் தண்ணீர் நிற்கும் சிரட்டை ஒன்றையும் நீ உயிரோடு விடவில்லை. மரத்தில் கட்டிய பால் சிரட்டை, கோழிக்கு வைத்த தண்ணீர், நான் ஆறவைத்த தேத்தண்ணி, எல்லாம் கவிழ்ந்தன. உனக்குப் பயந்து கொசுக்கள் கடல் தாண்டி ஓடியதாக நம் தோட்டத்து லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அப்போதுதான் மூன்று நாட்டு ஆராய்ச்சிக்காரர்கள் வந்து, கொசு முட்டையிடுவதற்காகக் கறுப்புக் கோப்பைகளில் தண்ணீர் ஊற்றி மரத்தடிகளில் வைத்துப் போனார்கள். உன்னிடம் யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அத்தனையும் குப்புறக் கிடந்தன. மூன்று அரசாங்கங்களை ஒற்றை ஆளாகக் கவிழ்த்த வீரன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

அவர்களில் ஒருத்தி, நாம் நோனா என்று கூப்பிட்ட ஜப்பான்காரி, கோபப்படவில்லை. ஏன் என்று கேட்டாள். கூட வந்த கொழும்பு டொக்டர் அதைச் சிங்களத்தில் கேட்க, நீயும் சிங்களத்திலேயே தங்கச்சியைப் பற்றிச் சொன்னாய். நோனா குனிந்து ஒரு கோப்பையை நிமிர்த்தி வைத்தாள். பிறகு விளக்கினாள்: முட்டையையும் ஆட்களின் இரத்தத்தையும் மூன்று நாட்டிலும் சோதித்தால், எந்த வகை டெங்கு கிளம்புகிறதென்று முன்னமே தெரியும், நோயாளியை நேரத்தோடு கொண்டுபோகலாம்.

நீ என் பக்கம் திரும்பினாய். "மச்சான், இது தெரிஞ்சிருந்தா அவள முன்னாடியே கொண்டு போயிருப்போமா?"

வாயைத் திறந்தால் யானையைப் பறக்கவிடும் எனக்கு அன்று ஒரு பொய்கூட வரவில்லை. "போயிருப்போம்" என்றேன்.

லயத்தில் எல்லோரும் இரத்தம் கொடுக்கப் பயந்தபோது நீதான் முதலில் கையை நீட்டினாய். "எங்க பரம்பரையில மொதல்ல ஏரோப்ளேன் ஏறப்போறது என் ரத்தந்தான்" என்றாய். பயந்தவர்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள்.

போன வருஷம் நெஞ்சுவலிதான் உன்னைக் கொண்டுபோனது. உன் கிட்ட வர டெங்குவுக்குத் தைரியம் கிடையாது.

இந்த மழைக்கு முன்பே அந்த ஆராய்ச்சிக்காரர்களிடமிருந்து டெங்கு எச்சரிக்கை வந்தது. மேல் லயத்துச் செல்வியைக் காய்ச்சல் கண்ட அன்றே அவிசாவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நேற்றுத் தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தாள்.

இன்று வழி நெடுக சிரட்டைகளைக் கவிழ்த்துக்கொண்டே போனேன். உன் பழக்கம் தொற்றிவிட்டது. கறுப்புக் கோப்பை ஒன்று வந்ததும் கை தானாக நீண்டது. உள்ளே விழுந்திருந்த இலையை மட்டும் எடுத்தேன். பின்னால் பால்வெட்ட வந்த பெண்களிடம் சொன்னேன்: "இதத் தொடாதீங்க. இது மச்சானோடது."