பதினாலு அடி எர்த் ஒயர்

மைசூர்
8-12-86, திங்கட்கிழமை

என் வாலாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

விஜயதசமியன்று காலை பத்து மணி நாற்பத்திரண்டு நிமிஷம். அம்மா சேதி ஒர்க்‌ஷாப்பில் எனக்கு வந்த நேரம் அது. ரிஜிஸ்தரில் இருபத்தேழாம் நம்பர் மெஷினுக்கு நேராகப் பத்து நாற்பத்திரண்டு என்று எழுதிப் பேனாவை மூடுவதற்குள் ஹெல்பர் நஞ்சுண்டசாமி போனை வைத்துவிட்டு ஓடி வந்தான், அதனால் நிமிஷம் கூடத் தப்பாமல் தெரியும். எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று நேற்றிலிருந்து யோசித்து, இங்கேயிருந்துதான் ஆரம்பிக்க முடிகிறது. மற்றபடி நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஒர்க்‌ஷாப் போகிறேன், இதற்குப் பேர் சௌக்கியம் என்றால் சௌக்கியம்தான். ஜபல்பூரில் குளிர் எப்படி இருக்கிறது, அம்மா கொடுத்த கம்பளி போதுகிறதா, பாங்கில் நின்றுகொண்டே வேலை என்றாயே, கால்வலி குறைந்ததா, எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது.

நேற்று சாயங்காலம் டிரங்க் காலில் நீ மறுபடியும் அதையே சொன்னாய். "நான் அந்த பிளவுஸ் அவசரமா வேணும்னு எழுதாம இருந்திருந்தா அம்மா இருந்திருப்பாப்பா" என்று. அதோடு, வர்ற திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டு எனக்குச் சமைத்துப் போட இங்கே வந்துவிடுவதாகவும் சொன்னாய். நான் "அழாதேடி, நிமிஷம் ஓடறது" என்றேன். இந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் உனக்குக் கிடைத்துவிடும் என்று தபாலாபீசில் சொன்னார்கள். இதைப் படித்து முடிக்காமல் நீ எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடக்கூடாது.

பத்தாம் நாள் காரியத்தன்று லலிதாம்பாள் அத்தை கூடத்தில் எல்லோர் முன்னாலும், "பொண்ணு அவசரப்படுத்தித்து, பாவம், நல்ல நாளும் அதுவுமா இவ மெஷின்ல போய் ஒக்காந்தா" என்று சொன்னாளே, அப்போது நீ தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய், நான் எதிரே பாயில் உட்கார்ந்திருந்தேன். அது பொய் என்று எனக்கு அப்போதே தெரியும். அத்தை வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றைக்கு ஊசிக்குக் கீழே இருந்தது உன் பிளவுஸ் இல்லை. விஜயதசமிக்கு முதல் தையல் என்று வருஷாவருஷம் அம்மா நாலு மூலையிலும் மஞ்சள் தடவின ஒரு முழம் வெள்ளைத் துணியில் நேராக ஒரு தையல் ஓட்டுவாளே, அந்தத் துணிதான். முக்கால் முழம் ஓட்டியிருந்தாள். நானேதான் அதை ஊசியிலிருந்து எடுத்தேன். உன் இரண்டு பிளவுஸும் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாளே தைத்து, கொக்கி வைத்து, துணியில் சுற்றி, உன் விலாசம் எழுதி அலமாரியில் வைத்தாயிற்று. தபாலாபீஸ் லீவு முடிந்ததும் போடலாம் என்று வைத்திருந்தாள். நீ அவசரப்படுத்தினாய், அவள் அவசரமாக முடித்தாள், அதோடு உன் விஷயம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் என் விஷயம். ஐம்பது நாளுக்கு மேல் உன்னை அதைச் சுமக்கவிட்டு நான் சும்மா இருந்துவிட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் முட்டி வலி என்று அம்மா மெஷினை மிதிக்க முடியாமல் கஷ்டப்பட்டபோது நான்தான் மோட்டார் வாங்கி வைத்தேன், உனக்கு ஞாபகம் இருக்கும். பின் அறையில் அப்போது இருந்தது பழைய ரெண்டு முனை பிளக் பாயிண்ட், எர்த் கிடையாது. அதுவும் மெஷினுக்குப் பின்னால் சுவரில், குனிந்து மெஷின் மேலே சாய்ந்தால்தான் ஸ்விட்ச் எட்டும். மோட்டார் ஒயர் நீளம் போதவில்லை என்று நடுவில் ஒரு ஜாயிண்ட் போட்டுக் கருப்பு டேப் சுற்றி மேஜைக்கு அடியில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். வேறு யாராவது போட்டிருந்தால் திட்டியிருப்பேன். எர்த் போட வேண்டும் என்று குழாய் வாங்கி வந்து புழக்கடையில் அடித்தும்விட்டேன். கரியும் உப்பும் போட்டுக் குழியைச் சரியாக மூடிவிட்டு அறைக்குள் ஒயர் இழுக்க வேண்டியதுதான் பாக்கி. அடுத்த ஞாயிறு என்றேன். அப்புறம் அடுத்த ஞாயிறு. அம்மா பார்த்தாள், குழாய் சும்மாதானே நிற்கிறது என்று அதில் அவரைக் கொடியை ஏற்றிவிட்டாள். உன் லீவுக்கு நீ வந்து அவரைக்காய் பறித்தாயே, அதே குழாய்தான்.

எர்த் போடுகிற வரைக்கும் என்று ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கிக் கொடுத்து, இது இல்லாமல் மெஷினைத் தொடாதே என்று சொல்லி வைத்தேன். அந்த வரைக்கும் என்பது ரெண்டு வருஷம் ஆயிற்று. அவள் சிரிப்பாள். "ஊர் மெஷினுக்கெல்லாம் நாடி பிடிச்சுப் பாக்கறேள், ஆத்து மெஷினுக்கு மட்டும் செருப்பக் குடுத்து ஏமாத்தறேள்" என்பாள். ரங்கம்மா காஜா எடுக்க வரும்போது அவளிடமும் சொல்லிச் சிரிப்பாள், "நம்ம ஆத்து இன்ஜினீயர் பாட்டா கடைல எர்த் வாங்கிண்டு வந்தார்" என்று. நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

ஆயுத பூஜையன்று மெஷினைத் துடைத்து, சந்தனம் கரைத்துத் தெளித்து, குங்குமம் வைத்து, சக்கரத்தில் பூச்சுற்றி, மேஜைக்கு அடியில் மோட்டாருக்கும் விடாமல் பொட்டு வைத்திருந்தாள். மாவிலையால் தண்ணீரும் தெளித்தாயிற்று. ஒர்க்‌ஷாப்பிலும் இப்படித்தான் செய்வார்கள். அதனால் பூஜை ஆன மெஷினை, துடைத்து, காயவைத்து, உள்ளே கரண்ட் கசிகிறதா என்று மெக்கர் பெட்டியைச் சுற்றிப் பார்க்காமல் யாரும் ஸ்விட்ச் போடக்கூடாது என்று அங்கே விதி உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த விதியைப் போட்டவனே நான்தான். விஜயதசமி லீவு நாளில் நானும் நஞ்சுண்டசாமியும் போய் முப்பத்தாறு மெஷினையும் பார்த்துவிட்டு வருவோம், மறுநாள் காலையில் ஆட்கள் வருவதற்குள் முடிந்துவிட வேண்டும்.

அன்று காலையில் நான் ஸ்கூட்டரை வெளியே தள்ளும்போது அம்மா வாசலுக்கு வந்து, "ஏன்னா, ஒரு நிமிஷம் வந்து உங்க கையால ஸ்விட்சப் போட்டுட்டுப் போங்கோளேன்" என்றாள். நான் "நீயே போடேன், அங்க முப்பத்தாறு காத்துண்டிருக்கு" என்றேன். "இங்க ஒண்ணுதான் காத்துண்டிருக்கு, அதான் எளப்பம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். எனக்கு அவள் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மற்றதெல்லாம் ரங்கம்மா சொன்னது. அறையை மெழுகித் துடைத்துக் கோலம் போட்டு, தரை ஈரமாகத்தான் இருந்திருக்கிறது. ரங்கம்மா செருப்போடு வாசற்படி மிதிக்கப் போனபோது அம்மா, "பூஜைல வெச்ச மெஷினுடி, செருப்ப வெளில விட்டுட்டு வா" என்றாளாம். தன்னுடைய செருப்பையும் வெளியேதான் விட்டிருக்கிறாள். ரெண்டு ஜோடியும் நிலைப்படிக்கு வெளியே பக்கத்துப் பக்கத்தில் இருந்ததை நான் பார்த்தேன். நான் கொடுத்திருந்த ஒரே பாதுகாப்பு அந்தச் செருப்பு, அதைக் கழற்றித்தான் ஆகவேண்டிய நாள் வருஷத்தில் ஒன்று வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானும் தினம் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் சாமி அறைக்குள் போகிறவன். இதைத்தான் வாலா நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன்.

ஜாயிண்டில் தண்ணீர் இறங்கியிருந்தது. இரும்பு மெஷின் பூராவும் கரண்ட். தையல் முடியப்போகும்போது சக்கரத்தைக் கையால் பிடித்திருக்கிறாள். எர்த் இருந்திருந்தால் ஸ்விட்ச் போட்ட உடனேயே ஃபியூஸ் போயிருக்கும், மெஷின் ஓடியிருக்காது, நான் வந்ததும் ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பாள், அவ்வளவுதான். ரங்கம்மா தோளைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள், அவளையும் ஒரு உதறு உதறித் தள்ளிவிட்டது. ஸ்விட்ச் மெஷினுக்குப் பின்னால். மெயினை அணைக்கக் கூடத்துக்கு ஓடினாள். மெயினுக்கு முன்னால் கொலுப்படி. சீரியல் பல்புக்கு ஒயர் கிட்டத்தில் இருக்கட்டும் என்று அந்த ஒன்பது படியையும் அங்கே கட்டினவனும் நான்தான். அவள் படிமேலேயே ஏறிப்போய் அணைத்திருக்கிறாள். அப்புறம் நம் போனிலிருந்தே சுவரில் எழுதியிருந்த ஒர்க்‌ஷாப் நம்பருக்குப் பேசினாள். தசரா ஊர்வலம் பார்க்கக் காலையிலிருந்தே ரோடெல்லாம் மூங்கில் கட்டி ஜனம். சுற்றிச் சுற்றி நான் வந்து சேர்ந்தபோது பதினொன்றே கால். ரங்கம்மா அம்மா தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "தப்பாய்த்து சார், செட்டியார் பொம்மெ என் காலு பட்டு ஒடஞ்சு போச்சு" என்றாள். இன்றைக்கும் வரும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் அழுகிறாள். பாவம், அவளுக்கும் ஏதோ ஒரு தப்பு தன்னுடையது என்று வேண்டியிருக்கிறது. உனக்குப் பிளவுஸ், அவளுக்குச் செட்டியார் பொம்மை. வந்தவர்கள் எல்லோரும் நேரம் என்றார்கள், ஆயுசு என்றார்கள். நான் தலையாட்டினேன். ஒர்க்‌ஷாப்பில் விபத்து நடந்தால் நான் எழுதும் ஃபாரத்தில், தவிர்த்திருக்க முடியுமா என்று ஒரு இடம் உண்டு. அங்கே ஒரு தடவைகூட நான் நேரம் என்று எழுதினதில்லை.

முந்தாநாள் சனிக்கிழமை அந்த அறையைத் திறந்தேன். ஒயர் வாங்கி வந்து அளந்தேன், குழாயிலிருந்து மெஷின் வரைக்கும் பதினாலு அடி. கொடியை வெட்ட மனசு வரவில்லை, அதனால் இலைகளை ஒதுக்கிவிட்டு, குழியைத் தோண்டிக் கரியும் உப்பும் போட்டு, மூன்று முனை பாயிண்ட் வைத்து, ஸ்விட்சை நிலைப்பக்கம் மாற்றினேன். குழிக்கு அரை நாள் ஆயிற்று. ஒயர் இழுக்க இருபத்தைந்து நிமிஷம். முடித்துவிட்டு மெக்கர் வைத்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. அங்கேயே தரையில் படுத்துவிட்டேன். அவரை காய்த்துத் தொங்குகிறது. பறிக்க ஆளில்லை. ரங்கம்மா நேற்று வந்து, "சார், நான் இங்கெயே வந்து தைக்கட்டா, அக்கா குடுத்த துணி நாலு பேருது பாக்கி இருக்கு" என்று கேட்டாள். உன்னைக் கேட்காமல் சொல்ல மாட்டேன் என்றேன். அந்த அறை விஷயத்தில் இனி நீ சொல்கிறபடிதான். மூடு என்றால் மூடிவிடுகிறேன்.

உன் அறையில் தண்ணீர் காயவைக்கும் கம்பியை பக்கெட்டில் போட்டுவிட்டுக் கொதித்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்க்காதே, பிளக்கைப் பிடுங்கின பிறகுதான் தண்ணீரைத் தொடு. இஸ்திரிப் பெட்டியின் ஒயர் சூட்டில் உரிந்திருந்தால் டேப் சுற்றாதே, மாற்று. பிளக்கில் மூன்று முனை இருப்பது போதாது, சுவருக்குப் பின்னால் மூன்றாவது ஒயர் உண்மையாகவே இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேள், சிரித்தால் சிரிக்கட்டும். மெயின் ஸ்விட்ச் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள், அதன் முன்னால் டிரங்குப் பெட்டி, சாமி படம், எதையும் வைக்காதே. செருப்புப் போட்டுக்கொள், ஆனால் செருப்பை நம்பாதே. இதெல்லாம் உன் அம்மாவுக்கு நான் செய்திருக்க வேண்டியது.

ராஜினாமாக் கடிதத்தைக் கிழித்துப் போடு. எனக்கு நாற்பத்திமூன்று வயசுதான் ஆகிறது, சாதம் வடிக்கத் தெரியும், ரசம் சுமாராக வருகிறது. செய்யாத தப்புக்கு ஈடுகட்ட நீ இங்கே வந்து எனக்குச் சமைத்துப் போட்டால் அந்தச் சாதம் எனக்கு இறங்காது. என் மேல் இருக்கிற கோபத்தில் ஒரு வருஷம் வராமல் இருந்தாலும் சரி, அது நியாயம். உன் பிளவுஸ் பார்சலை இன்றைக்குத் தனியாக அனுப்புகிறேன். கையோரம் உள்பக்கம் அரை இஞ்ச் துணி விட்டு மடித்திருக்கிறாள், நீ ஹோட்டல் சாப்பாட்டில் பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம் என்று ரங்கம்மாவிடம் சொன்னாளாம். போட்டுக்கொள். பெட்டியில் வைத்துப் பூட்டாதே.

நீ தீர்க்காயுசாக, மனசில் ஒரு பாரமும் இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுடைய ஆசீர்வாதத்தையும் சேர்த்து நானே எழுதுகிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் அப்பா,
கைலாசநாதன்

பி.கு. படித்தவுடன் நீ ஓடிப்போய் டிரங்க் கால் போட்டு "போகட்டும்பா" என்று சொல்லிவிடுவாய், எனக்குத் தெரியும். அதைக் கேட்டால் எனக்குச் சுலபமாகப் போய்விடும். சுலபமாகப் போக வேண்டாம். நாலு நாள் யோசித்து, என்ன தோன்றுகிறதோ அதை உன் கையால் எழுது. அவசரமென்றால் நஞ்சுண்டசாமி நம்பர் உன்னிடம் இருக்கிறது, அவனிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன். போன் ஒயரைச் சுவரிலிருந்து கழற்றி வைத்துவிட்டேன்.