தூக்குப்போசியில் கம்மஞ்சோறு

உக்கடம்,
ஆகஸ்ட் 1996

அன்புள்ள விமலா,

நேரில் பேச வாய் வராது, அதனால் எழுதுகிறேன்.

தாராபுரம் பள்ளிக்கூடம் ஞாபகமிருக்கிறதா? என் கம்மஞ்சோற்றைப் பார்த்து எல்லோரும் மூக்கைப் பொத்திச் சிரித்தபோது, நீ மட்டும் எழுந்து வந்து, "எனக்கும் ஒரு வாய் குடு அம்மணி" என்று பக்கத்தில் உட்கார்ந்தாய். தூக்குப்போசியை நீ வழித்துத் தின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மறுநாள் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

இப்போது என் மகள் மோகனா பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் கம்மஞ்சோற்றைத் தொடாமலே திரும்பக் கொண்டுவருகிறாள். கேட்டால், "பசிக்கலீங்கம்மா" என்கிறாள். யார் கேலி செய்கிறார்கள் என்று சொல்வதில்லை. நேற்றுப் பேச்சோடு பேச்சாக உன் மகள் ஜெனிதாவின் பெயரைச் சொன்னேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். இருவரும் ஒரே வகுப்புதானே.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிதாவையும் கூட்டிக்கொண்டு வா. கம்மஞ்சோறுதான் ஆக்கப்போகிறேன். நீ முதலில் கை வை, ஜெனிதா பார்க்கட்டும்.

உன்னோடு ஒரே போசியில் தின்றவள்