பிரிக்காத ஜாடி

ஜூலை 8
பள்ளிச் சீருடை பதினோரு ஜோடி வெட்டாமல் கிடக்கின்றன. கிடக்கட்டும். மகளுக்கு மலேரியா, முற்றிவிட்டதாம்; ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஐந்து வயது உடம்பு எத்தனை ஊசியைத் தாங்கும்? இளையது கைக்குழந்தை, வார்டுக்குள் விடமாட்டார்கள். அதனால் வீட்டுக்காரர்தான் கூட இருக்கிறார், நான் மத்தியானம் எட்டிப் பார்க்கிறேன். நர்ஸ் ஒரு அளவு ஜாடி கொடுத்தார். "ஒண்ணுக்குப் போனா இதுல பிடிச்சு அளவைச் சொல்லுங்க."

ஜூலை 9
காய்ச்சல் இறங்கிவிட்டது. அப்பாடா.

ஜூலை 10
மத்தியானம் போனேன்.
மகளின் முகம் உப்பியிருந்தது. நான் தைத்த பைஜாமாவின் எலாஸ்டிக் இடுப்பில் வரி வரியாய்ப் பதிந்திருந்தது. "கொஞ்சம் சதை போட்டிருக்கா" என்கிறார் அவர். யாரிடம்? பதினைந்து வருடமாக ஊரார் இடுப்பை அளப்பவளிடம்!
நர்ஸ் அளவு எழுதும் தாளில் இருநூறு மில்லி, இருநூறு, இருநூறு. கட்டிலுக்கு அடியில் ஜாடி – பாலிதீன் உறைகூடப் பிரிக்கவில்லை.
நர்ஸிடம் கத்தினேன். "உங்க வீட்டுக்காரர் சொன்னதைத்தான் எழுதினேன்" என்றார். ஜாடியை ஒரு தடவை குனிந்து பார்த்தால் என்ன, முதுகு ஒடிந்துவிடுமா?
அவர் தரையைப் பார்த்தார். "ரெண்டு நாளா போகவே இல்ல. சொன்னா ட்யூப் சொருகுவாங்கன்னு வார்டுல பேசிக்கிட்டாங்க. அது கத்துறதை என்னால பார்க்க முடியாதுடி."
பாவி மனுஷா.

ஜூலை 11
சிறுநீரகம் வேலை செய்யவில்லை. டாக்டர் சொன்னார்: "மலேரியா முத்தினா சில குழந்தைங்களுக்கு இப்படி ஆகும். இது அவரால வந்ததில்ல. ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா நரம்புல ஏத்துற தண்ணியைக் குறைச்சிருப்போம், உடம்பு இப்படி வீங்கியிருக்காது."
மூத்திரத்துக்கு ஒரு குழாய், டயாலிசிஸுக்கு வயிற்றில் இன்னொன்று. ஒன்றுக்குப் பயந்தாரே, இப்போது இரண்டு. நன்றாகப் பார்க்கட்டும். நான் அவரோடு பேசப்போவதில்லை.

ஜூலை 13
மூத்திரக் குழாயின் பையில் ஒரு சொட்டு இல்லை. கைக்குழந்தையைத் தங்கையிடம் விட்டுவிட்டு நானே உட்கார்ந்திருக்கிறேன். அவர் வெளியே பெஞ்சில். சாப்பிட்டாரா? எனக்கென்ன.

ஜூலை 16
இன்றும் இல்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. கொசுவையா?

ஜூலை 19
முகம் கழுவிவிட்டு வந்தேன். அவர் ஜன்னலோரம் மண்டியிட்டு, பையில் இறங்கியதை ஜாடியில் ஊற்றி, விளிம்பில் வைத்துக் கண்ணுக்கு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் கொஞ்சம், டீ நிறத்தில்.
"இருபத்தெட்டு, சிஸ்டர்."
"முப்பதுன்னே போட்டுக்கலாமே."
"வேணாம். இருபத்தெட்டு."
ஜாடியை வாங்கி நானும் பார்த்தேன். இருபத்தெட்டுதான்.
"போய் ஏதாவது சாப்பிட்டு வாங்க" என்றேன்.