பிடரியில் ஒரு படர்தாமரை

இபுகி,

நேற்றுவரை உன் அண்ணனாக இருந்தவன் எழுதுவது.

ஃப்ரிட்ஜில் சால்மன் மீன் வைத்த சோற்று உருண்டை இருக்கிறது. கோபத்தோடு சாப்பிட்டாலும் செரிக்கும்.

உன் பிடரியில் படர்தாமரை வந்திருப்பதைப் பயிற்சியாளரிடம் சொன்னது நான்தான். ஞாயிற்றுக்கிழமை ஜூடோ போட்டி உனக்கு இல்லாமல் போனதும் என்னால்தான். "எனக்கு அண்ணனே கிடையாது, போடா!" என்றாய். சரி. ஆனால் தினமும் பயிற்சியில் உன் உடையின் கழுத்துப் பட்டையைப் பிடிக்கிறாளே நோனோகா, அவளுக்கும் ஒட்டியிருந்தால்?

ஜூடோ உடையைத் துவைத்து வெயிலில் போட்டிருக்கிறேன். நீலத் துண்டு உனக்கு மட்டும். அம்மாவுக்குக்கூடக் கொடுக்காதே.

பி.கு.: மருந்தை நீயே போடாதே. வட்டம் எங்கே இருக்கிறதென்று உன் கண்ணுக்குத் தெரியாது. சாயங்காலம் நான் வந்து தடவிவிடுகிறேன். அதுவரைக்கும் மட்டும் அண்ணனாக இருந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவியதும் மறுபடி யாரோ ஆகிவிடுகிறேன்.

தகுமா