மணிக்கட்டு ஒடியவில்லை

27 அக்டோபர் 1996, ஞாயிறு

என் வீட்டுக்காரர் விட்டுப்போன பாயிண்ட் நாற்பத்தைந்து பிஸ்டலை விற்கத்தான் இன்று ரைபிள் கிளப்புக்குப் போனேன். வாங்க வந்தவர், "ஒரு தடவை சுட்டுக் காட்டுங்கம்மா" என்றார்.

இருபது வருஷமாக ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துச் சந்தனம் வைத்தவள் நான். சுட்டதேயில்லை. "உன் மணிக்கட்டு ஒடிஞ்சிடும்" என்பார் என் வீட்டுக்காரர்.

சுட்டேன். ஒடியவில்லை. முழுக்க இரும்பு, அந்தக் கனமே உதையை வாங்கிக்கொண்டது. தோள்வரை ஒரு தள்ளல், அவ்வளவுதான். கைப்பிடியில் காய்ந்திருந்த போன வாரச் சந்தனம் கைச்சூட்டில் மணந்தது. என்ன அழகான சாமான்! ஏழு தோட்டாவும் தீர்ந்தபிறகுதான் கையை இறக்கினேன்.

வாங்க வந்தவர் பிஸ்டலுக்குக் கை நீட்டினார். "மன்னிச்சுக்கோங்க சார், இதைக் கொடுக்கறதா இல்லை" என்றேன்.

செத்துப்போன மனுஷன்மேல் இப்படிக் கோபம் வரலாமா, தெரியவில்லை. அலமாரியில் இன்னும் ஒன்பது தோட்டா இருக்கிறது.